தந்தையின் கைகளும் மகனின் பாதங்களும்: ஒரு பக்தி ஓவியத்தைப் பார்ப்பது எப்படி?

அந்த ஓவியத்தில் நமக்கு மிகப் பக்கத்தில் இருப்பவை ஒருவனுடைய உள்ளங்கால்கள். அவன் முழங்காலிட்டிருக்கிறான். ஒரு காலின் செருப்பு கழன்றுவிட்டது. அழுக்கும் காய்ப்புமான வெறும் பாதம் நம் பக்கம் திரும்பியிருக்கிறது. இன்னொரு காலில் செருப்பு இருக்கிறது, ஆனால் குதிகால் பக்கம் தேய்ந்து பிய்ந்துபோய்விட்டது. தலை மொட்டை. உடம்பில் இருப்பது துணி என்று சொல்ல முடியாத அளவுக்கு நைந்துபோன ஏதோ ஒன்று. அவனுடைய முகம் நமக்குச் சரியாகத் தெரிவதில்லை. ஒரு கிழவரின் மார்பில் அதைப் புதைத்துக்கொண்டிருக்கிறான்.

ஹாலந்து நாட்டு ஓவியர் ரெம்ப்ராண்ட் வரைந்த 'ஊதாரி மகனின் திரும்புதல்' இது. ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேரரசி இரண்டாம் கேத்தரின் 1766இல் இதை வாங்கினார். உயரம் 262 செ.மீ., அகலம் 205 செ.மீ. அதாவது உருவங்கள் ஏறக்குறைய ஆள் அளவில் இருக்கின்றன. ஓவியத்தின் முன் நிற்பவருக்கு அது சுவரில் மாட்டிய படமாக அல்ல, கதவைத் திறந்ததும் தெரிகிற ஒரு காட்சியாக இருக்கும்.

கிறிஸ்தவ ஓவியங்களைப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஓவியத்தைத்தான். கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை, ஓவியக் கலை தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டு பார்த்தால் இது வேறு மாதிரி திறந்துகொள்ளும். பக்தி ஓவியம் என்றால் என்ன என்பதுதான் அந்த விஷயம்.

சமயக் கதையைக் காட்டும் படம் எல்லாமே பக்தி ஓவியம் ஆகிவிடாது. நோவாவின் பேழை, செங்கடல் பிளப்பது, கானா ஊர்க் கல்யாணம் என்று எத்தனையோ காட்சிகளை வரைந்திருக்கிறார்கள். அவற்றில் பல, கதையைச் சொல்லிவிட்டு வேலை முடிந்ததென்று நின்றுவிடும். நாமும் 'ஓ, இது இந்தக் கதை' என்று அடையாளம் கண்டுகொண்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். பக்தி ஓவியத்தின் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதன் முன்னால் ஒருவர் தங்க வேண்டும். ஜெபிக்கலாம், அழலாம், சும்மா நிற்கலாம். கதை அவருக்கு முன்பே தெரியும். தெரிந்த கதைக்குள் தனக்கு எங்கே இடம் என்று தேடத்தான் அவர் வந்திருக்கிறார். அந்த இடத்தை ஒதுக்கி வைப்பதுதான் ஓவியரின் திறமை.

இரண்டு உதாரணங்களைச் சொன்னால் தெளிவாகும். இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் டொமினிக்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் சான் மார்கோ மடம் இருக்கிறது. அங்கே துறவிகள் தங்கிய நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு அறைகளில், 1438 முதல் 1440களின் நடுப்பகுதி வரை, ஃப்ரா ஆஞ்சலிகோவும் அவருடைய உதவியாளர்களும் அறைக்கு ஒன்றாகச் சுவரோவியம் தீட்டினார்கள். ஃப்ரா ஆஞ்சலிகோவே ஒரு துறவி. மூன்றாவது அறையில் உள்ளது மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது இயேசு பிறக்கப்போவதைத் தேவதூதர் மரியாளுக்கு அறிவிப்பது. அதில் அலங்காரம் என்று ஒன்றுமே இல்லை. வெறும் வளைவுக் கூரை, வெறும் சுவர், ஒரு தேவதூதர், முழங்காலில் மரியாள். ஓரத்தில், கொஞ்சம் தள்ளி, டொமினிக்கன் அங்கி அணிந்த ஒரு புனிதர் கைகூப்பி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த அறையில் படுத்து எழுந்த துறவி தினமும் பார்த்தது, தன்னைப் போலவே உடுத்திய ஒருவர் அந்தக் காட்சியின் ஓரத்தில் நிற்பதை. அவருக்கான இடம் சுவரிலேயே இருக்கிறது.

இன்னொன்று இதற்கு நேர் எதிரான மனநிலை. இசன்ஹைம் என்ற ஊரின் அந்தோணியார் மடத்துக்காக, சுமார் 1512க்கும் 1516க்கும் இடையில், கிரூனவால்ட் என்ற ஓவியர் வரைந்த பீட ஓவியம், அதாவது வழிபாட்டுப் பீடத்துக்கென்று வரைந்த ஓவியம். இன்று அது பிரான்ஸின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த மடத்தின் மருத்துவமனையில் 'அந்தோணியாரின் நெருப்பு' என்று அழைக்கப்பட்ட நோய் கண்டவர்களைப் பராமரித்தார்கள். கம்பு போன்ற ஒரு தானியத்தில் வளரும் பூஞ்சையால் வருகிற நோய் அது. தோல் எரியும், விரல்களும் கைகால்களும் அழுகும். அப்படிப்பட்டவர்கள் பார்ப்பதற்கென்று கிரூனவால்ட் வரைந்த சிலுவையில், இயேசுவின் உடம்பு முழுக்க முள் குத்திய புண்கள், தோல் பச்சை பாரித்திருக்கிறது. அழகான உடம்பை அவர் வரையவில்லை. அதைப் பார்க்கும் நோயாளி, 'என் உடம்பு மாதிரியே இருக்கிறதே' என்று நினைக்க வேண்டும். யார் பார்க்கப்போகிறார்கள் என்பது தெரியாமல் இந்த ஓவியத்தைப் பார்த்தால் கொடூரமாக மட்டுமே தெரியும். தெரிந்த பிறகு அதில் இருக்கும் கனிவு புரியும்.

ஆகவே ஒரு பக்தி ஓவியத்தின் முன் நின்றதும் கேட்க வேண்டிய கேள்வி, 'இதில் யார் யார் இருக்கிறார்கள்?' என்பதைவிட 'என்னை எங்கே நிறுத்தியிருக்கிறார்?' என்பதுதான்.

சரி, ரெம்ப்ராண்டுக்கு வருவோம். அவர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. சான் மார்கோவுக்கும் இசன்ஹைமுக்கும் மடம் இருந்தது, பீடம் இருந்தது. ரெம்ப்ராண்ட் வாழ்ந்த ஹாலந்தில் அது இல்லை. 1566இல் அந்த நாட்டுப் பகுதிகளில் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர்கள், அதாவது வழிபாட்டில் உருவங்கள் கூடாது என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள், தேவாலயங்களுக்குள் புகுந்து சிலைகளையும் படங்களையும் உடைத்தார்கள். 1578இல் ஆம்ஸ்டர்டாம் நகர நிர்வாகமும் சீர்திருத்தச் சபையின் பக்கம் வந்தது. தேவாலயச் சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டன. ரெம்ப்ராண்ட் 1606இல் லெய்டன் நகரில் பிறந்தபோது, பீடத்துக்குப் படம் வரைந்து கொடு என்று கேட்கிற தேவாலயம் அங்கே இல்லை. ஆனால் விவிலியம் வீட்டுக்கு வீடு படிக்கப்பட்டது. படங்களும் வீட்டுக்கு வந்தன. பக்தி ஓவியம் பீடத்திலிருந்து இறங்கி, ஒருவர் தனியாக உட்கார்ந்து படிக்கும் நேரத்துக்குள் நுழைந்தது. ஒளிவட்டமும் தங்க முலாமும் போய்விட்டன. புனிதத்தை இனி முகத்திலும் கையிலும் வெளிச்சத்திலும்தான் காட்டியாக வேண்டும். ரெம்ப்ராண்டைப் புரிந்துகொள்ள இது முக்கியம் என்று நினைக்கிறேன். அந்தக் கட்டுப்பாடுதான் அவரை ரெம்ப்ராண்ட் ஆக்கியது.

கதை விவிலியத்தில், லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் வருகிறது. இளைய மகன் தன் பங்குச் சொத்தை வாங்கிக்கொண்டு தூர தேசம் போகிறான். எல்லாவற்றையும் அழிக்கிறான். பஞ்சம் வருகிறது. பன்றி மேய்க்கிறான். பன்றி தின்பதையாவது தின்னலாம் என்று ஏங்கும் நிலைக்கு வந்த பிறகு, அப்பா வீட்டில் கூலியாளாகவாவது இருக்கலாம் என்று கிளம்புகிறான். அவன் தூரத்தில் வரும்போதே தகப்பன் பார்த்து, ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார். பழைய தமிழ் வேதாகமம் இங்கே 'மனதுருகி' என்று ஒரு சொல்லைப் போடுகிறது. நல்ல அங்கியும் மோதிரமும் செருப்பும் கொண்டுவரச் சொல்லி, கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். அப்புறம் வயலிலிருந்து மூத்த மகன் வருகிறான். பாட்டும் கூத்தும் கேட்டு, விஷயம் தெரிந்து, கோபத்தில் உள்ளே வர மறுக்கிறான். தகப்பன் வெளியே வந்து அவனையும் வருந்தி அழைக்கிறார். அவன் உள்ளே போனானா இல்லையா என்று சொல்லாமலேயே கதை முடிகிறது.

இந்தக் கதையை ரெம்ப்ராண்ட் பலமுறை தொட்டிருக்கிறார். அதில் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஓவியம் பார்க்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஒன்று 1636இல், அவருக்கு 30 வயதிருக்கும்போது, செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த சிறிய படம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் எல்லாமே அசைகிறது. தகப்பன் படியிறங்கி ஓடி வந்து குனிகிறார், ஒரு கால் முன்னே இருக்கிறது. மகனின் எலும்பும் தோலுமான உடம்பு, வேதனையில் கோணிய முகம், எல்லாம் பக்கவாட்டில் நன்றாகத் தெரிகிறது. கைத்தடி கீழே கிடக்கிறது. வேலைக்காரர்கள் துணியையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு படியில் வருகிறார்கள். ஒரு பெண் சன்னல் கதவைத் தள்ளித் திறந்து எட்டிப் பார்க்கிறாள். நற்செய்தியில் அந்த வரவேற்பைப் பற்றிச் சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இருக்கிறது. அருமையான படம், அதில் சந்தேகமில்லை.

இப்போது பெரிய ஓவியத்துக்கு வாருங்கள். முப்பது வருடம் ஆகிவிட்டது. யாரும் ஓடவில்லை. தகப்பன் நிற்கிறார், மகன் முழங்காலிட்டிருக்கிறான். துணி கொண்டுவருபவர் இல்லை, செருப்பு கொண்டுவருபவர் இல்லை, மோதிரம் இல்லை, கொழுத்த கன்று இல்லை. முன்பு தெரிந்த மகனின் முகத்தைக்கூட அவர் மறைத்துவிட்டார். இளம் வயதில் சேர்த்துச் சேர்த்து வரைந்ததை எல்லாம் முதுமையில் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கடைசியில் மிஞ்சியது ஒரு தொடுகை.

மகனின் முகம் மறைந்ததால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். முகம் தெரிந்திருந்தால் அவன் யாரோ ஒருவன், அவனுக்காக நாம் இரக்கப்பட்டிருப்போம். இப்போது அவன் முதுகு நம் பக்கம் இருக்கிறது. நாமும் அவன் பார்க்கும் திசையில்தான் பார்க்கிறோம். அவனுக்குப் பின்னால், அதே வாசலில், அடுத்து உள்ளே போக வேண்டியவர்கள் போல நிற்கிறோம். சான் மார்கோ அறையில் ஓரத்தில் நின்ற புனிதர் என்ன வேலை செய்தாரோ, அதையே இங்கே ஒரு முதுகும் இரண்டு உள்ளங்கால்களும் செய்கின்றன.

அடுத்து, வெளிச்சம். ஓவியம் பற்றிய பேச்சில் 'கியாரஸ்கூரோ' என்ற இத்தாலியச் சொல் அடிக்கடி வரும். ஒளியும் இருளும் என்பதுதான் அதன் பொருள். வெளிச்சத்தையும் நிழலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உருவங்களுக்குத் திரட்சி கொடுப்பதும் பார்ப்பவரின் கண்ணை நடத்திக்கொண்டு போவதும் அந்த முறை. ரெம்ப்ராண்ட் இத்தாலிக்குப் போனதே இல்லை. ஆனால் இத்தாலியில் கரவாஜியோ உண்டாக்கிய அந்தக் கூர்மையான ஒளி, அங்கே போய்த் திரும்பிய உட்ரெக்ட் நகர ஓவியர்கள் வழியாக ஹாலந்துக்கு வந்திருந்தது. கரவாஜியோவின் வெளிச்சம் கத்தி மாதிரி வெட்டும். ரெம்ப்ராண்டின் வெளிச்சம் அடுப்புக் கங்கு மாதிரி உள்ளிருந்து வரும். இந்த ஓவியத்தில் விளக்கு இல்லை, சன்னல் இல்லை. தகப்பனின் நெற்றியில், தாடியில், கைகளில், மகனின் முதுகில், பாதத்தில் வெளிச்சம் இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று தேடினால் பதில் கிடைப்பதில்லை.

அப்புறம் வலது ஓரத்தைப் பாருங்கள். அங்கே இன்னொரு வெளிச்சத் துண்டு. உயரமான ஒருவர், தகப்பனைப் போலவே சிவப்பு மேலங்கி, தகப்பனைப் போலவே தாடி, கைத்தடியின் மேல் கோத்த கைகள், நேராக நிமிர்ந்து நிற்கிறார். முகத்தில் வெளிச்சம் விழுகிறது, ஆனால் உடம்பு இம்மியும் வளையவில்லை. அவர்தான் மூத்த மகன் என்று பலர் சொல்கிறார்கள். ரெம்ப்ராண்ட் பெயர் எழுதி வைக்கவில்லை. எனக்கு அவர் மூத்த மகனாகத்தான் தெரிகிறார். அப்படியானால் ரெம்ப்ராண்ட் கதையை மாற்றியிருக்கிறார். ஏனென்றால் நற்செய்தியில் அந்தத் தழுவல் நடக்கும் நேரத்தில் மூத்தவன் வயலில் இருக்கிறான். அவனை வலிய அழைத்து வந்து இங்கே நிறுத்தியிருக்கிறார்.

அழைத்து வந்தவர், பக்கத்தில் நிறுத்தவில்லை. இதுதான் இந்த ஓவியத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம். ஒரு சாதாரண ஓவியர் தகப்பனையும் மகனையும் நடுவில் வைத்திருப்பார். ரெம்ப்ராண்ட் அவர்களை இடது பக்கம் தள்ளிவிட்டார். மூத்தவன் வலது கோடியில். நடுவில் இருப்பது இருட்டு. அந்த இருட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நெஞ்சில் கை வைத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் நிற்பது மங்கலாகத் தெரியும். இடது மேல் மூலையில் இன்னொரு முகம், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் நடுவில் இருக்கும் அந்த வெற்றுத் தரைதான் உண்மையில் ஓவியத்தின் மையம். சிவப்பு அங்கி போட்ட இருவர், அவர்களுக்கு இடையே நாலைந்து எட்டு தூரம், அதை யாரும் இன்னும் கடக்கவில்லை. நற்செய்திக் கதை மூத்தவன் உள்ளே போனானா என்று சொல்லாமல் விட்டது அல்லவா? அந்தச் சொல்லாமல் விட்டதை ரெம்ப்ராண்ட் ஓர் இடைவெளியாக வரைந்துவிட்டார்.

பார்ப்பவருக்கு அவர் ஒதுக்கிய இடம் ஒன்றல்ல, இரண்டு என்று அப்போதுதான் புரியும். முதுகு காட்டி முழங்காலிட்டவனின் பின்னால் நிற்கலாம். ஓரத்தில் விறைத்து நிற்பவரின் பக்கத்திலும் நிற்கலாம். ஒழுங்காக வேலை பார்த்து, யார் சொத்தையும் அழிக்காமல் வாழ்ந்தவர்கள் பலருக்கு இரண்டாவது இடம்தான் முதலில் பொருந்தும்.

கைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஓவியத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தகப்பனின் இரு கைகளும் மகனின் முதுகில் பதிந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மாதிரி இல்லை. ஒரு கை அகலமாக, விரல்கள் விரிந்து, அழுத்திப் பிடித்திருக்கிறது. மற்றது மெலிந்து, விரல்கள் சேர்ந்து, மெல்லப் படிந்திருக்கிறது. ஒன்று தகப்பன் கை, மற்றது தாயின் கை என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. ரெம்ப்ராண்ட் அப்படித்தான் நினைத்து வரைந்தார் என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. கைகளை வரைந்ததில் வேறொருவருக்கும் பங்கு இருக்கலாமா, ஓரத்து உருவங்களைப் பின்னால் யாராவது முடித்திருப்பார்களா என்றெல்லாம் ஆய்வாளர்கள் பேசுவதும் உண்டு. ஆனால் வித்தியாசம் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தகப்பனின் முகத்துக்குப் போங்கள். கண்கள் கிட்டத்தட்ட மூடியிருக்கின்றன. அவர் மகனைப் பார்க்கக்கூட இல்லை. பார்வை மங்கிய கிழவர் ஒருவர் கையால் தடவித்தான் தன் பிள்ளையைத் தெரிந்துகொள்கிறார். நற்செய்தியில் தூரத்திலேயே மகனைக் கண்டுகொண்ட அதே தகப்பன்! பார்த்துப் பார்த்தே கண் போய்விட்டது என்று தோன்றும்.

இன்னொன்று, மகனுக்கு நல்ல அங்கி கொண்டுவாருங்கள் என்று தகப்பன் சொல்வதாகக் கதையில் வரும். ஓவியத்தில் அந்த அங்கி வரவில்லை. ஆனால் தகப்பன் குனிந்ததில் அவருடைய சிவப்பு மேலங்கி இரு பக்கமும் தொங்கி, மகனின் தலைக்கு ஒரு கூடாரம் மாதிரி ஆகியிருக்கிறது.

வண்ணம் பூசிய விதத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 'முடிக்காமல் விட்டது போல இருக்கிறதே' என்பார்கள். ரெம்ப்ராண்டின் காலத்திலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். லெய்டனில் அவரிடம் முதன்முதலாகப் பயின்ற கெரிட் டோ, தூரிகைத் தடமே தெரியாமல் கண்ணாடி போல வழுவழுவென்று வரைந்து பெரும் புகழ் பெற்றார். நாட்டின் ரசனையும் அந்தப் பக்கம் போனது. குரு நேர் எதிர்த் திசையில் நடந்தார். நிழல் பகுதிகளில் வண்ணத்தை மெல்லியதாக, அடித்தளப் பழுப்பு தெரிகிற மாதிரி விட்டார். வெளிச்சம் விழும் இடங்களில் ஈய வெள்ளை கலந்த தைலவண்ணத்தைக் கட்டியாக அப்பினார். அங்கே வண்ணமே மேடு பள்ளமாக நின்று, அறையின் உண்மையான வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்கும். இந்தக் கெட்டிப் பூச்சுக்கு 'இம்பாஸ்டோ' என்று பெயர். இந்த ஓவியத்தில் தகப்பனின் முகத்தில், மகனின் கந்தல் துணியில் இதைக் காணலாம். கிட்டே போனால் வெறும் வண்ணத் திட்டுகள், நாலு அடி பின்னால் வந்தால் வயதான தோல், நைந்த நூல். தன் வீட்டுக்கு வந்து ஓவியத்தில் மூக்கை ஒட்டிப் பார்த்தவர்களை 'வண்ண வாடை உடம்புக்கு ஆகாது' என்று சொல்லி ரெம்ப்ராண்ட் பின்னால் இழுப்பார் என்று, அவர் இறந்து சில பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ஒரு குறிப்பு சொல்கிறது. நடந்ததோ இல்லையோ, எங்கே நின்று பார்க்க வேண்டும் என்ற அறிவுரை சரியானதுதான்.

இனி அவருடைய வாழ்க்கை. 1634இல் சாஸ்கியா என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணந்தார். படங்களுக்கு நல்ல விலை கிடைத்தது. சம்பாதித்ததைவிட வேகமாகச் செலவழித்தார். ஏலங்களில் ஓவியங்கள், சிற்பங்கள், கவசங்கள், கடற்சங்குகள் என்று வாங்கிக் குவித்தார். 1638இல் மனைவியின் உறவினர்கள், சாஸ்கியாவின் பரம்பரைச் சொத்தை இருவரும் ஆடம்பரத்தில் அழிக்கிறார்கள் என்று பேசியதற்காக அவர்கள் மேல் வழக்கே போட்டார். 1639இல் 13,000 கில்டர் (அந்நாட்டுப் பணம்) விலையில் ஒரு பெரிய வீட்டை வாங்கினார், முழுப் பணமும் கட்டாமலேயே. வழக்குக்கும் வீட்டுக்கும் சற்று முன்னால், சுமார் 1635இல், அவர் வரைந்த ஒரு படம் இப்போது டிரெஸ்டன் நகரில் இருக்கிறது. மதுக்கடையில் உல்லாசமாக இருக்கும் ஊதாரி மகன். சிரித்தபடி கோப்பையை உயர்த்தும் அந்த ஊதாரியின் முகம் ரெம்ப்ராண்டின் முகம். மடியில் இருக்கும் பெண் சாஸ்கியா.

அப்புறம் வந்தவை எல்லாம் இழப்புகள். முதல் மூன்று குழந்தைகளும் கைக்குழந்தையாகவே இறந்தன. 1641இல் பிறந்த டைட்டஸ் பிழைத்தான், ஆனால் அடுத்த ஆண்டே சாஸ்கியா இறந்துபோனாள். 1656இல் ரெம்ப்ராண்ட் கடனைக் கட்ட முடியாமல் சொத்தை ஒப்படைத்தார். அப்போது எடுத்த பட்டியலில் 363 பதிவுகள் இருக்கின்றன. 1658இல் வீடும் போனது. 1662இல் சாஸ்கியாவின் கல்லறை இடத்தையும் விற்றார். அவரோடு வாழ்ந்த ஹென்ட்ரிக்கே 1663இல் இறந்தாள். திருமணம் செய்யாமல் அவருடன் வாழ்ந்ததற்காக 1654இல் சபை அவளை அழைத்துக் கண்டித்து, திருவிருந்தில் பங்கெடுக்கக் கூடாது என்று தள்ளி வைத்திருந்தது. 1668 செப்டம்பரில், திருமணமாகி ஒரு வருடம்கூட முடியாத நிலையில், டைட்டஸும் இறந்தான். ரெம்ப்ராண்ட் 1669 அக்டோபர் 4 அன்று காலமானார். வெஸ்டர்கெர்க் தேவாலயத்தில் பெயர் பொறிக்காத ஒரு வாடகைக் குழியில் புதைத்தார்கள்.

இதைப் படித்ததும், இறந்த மகனை நினைத்துத்தான் இந்த ஓவியத்தை வரைந்தார் என்று முடிவு கட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். ஓவியத்தில் ஆண்டு குறிக்கப்படவில்லை. 1660களில், பெரும்பாலும் அதன் இறுதியில் வரைந்தது என்றுதான் கணிக்கிறார்கள். டைட்டஸ் இறப்பதற்கு முன்பே அது முடிந்திருக்கலாம். ஓவியரின் சோகத்தை நேராக ஓவியத்தில் ஒட்டிவிட்டால், ஓவியத்தைப் பார்ப்பது நின்று, கதை கேட்பது ஆரம்பமாகிவிடும். வாழ்க்கை தெரிந்திருப்பது நல்லது. ஆனால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் தெரிந்துகொள்வது இன்னும் நல்லது. இந்தக் கட்டுரையில் வாழ்க்கையைப் பின்னால் வைத்ததற்குக் காரணம் அதுதான்.

பக்தி ஓவியம் வரைந்தவர் பரிசுத்தவானாக இருந்திருக்க வேண்டும் என்ற நினைப்பையும் விட்டுவிடலாம். சாஸ்கியா இறந்த பிறகு டைட்டஸைப் பார்த்துக்கொண்ட கெயர்ட்யே டிர்க்ஸ் என்ற பெண், தன்னை மணப்பதாக வாக்களித்து ஏமாற்றினார் என்று ரெம்ப்ராண்ட் மீது 1649இல் முறையிட்டாள். மறு ஆண்டு அவளை கௌடா நகரில் பெண்களை அடைத்துவைத்துத் திருத்தும் இல்லம் ஒன்றில் அடைப்பதற்கு ரெம்ப்ராண்ட் துணை நின்றார். அவள் வெளியே வர ஐந்து வருடம் ஆனது. மன்னிப்பைப் பற்றி உலகம் கொண்டாடும் ஓவியத்தை வரைந்த கைதான் அதையும் செய்தது. இதை மறைத்து அவரைப் புகழ்வதில் எனக்கு விருப்பமில்லை. மண்டியிட்ட அந்த முதுகை அவ்வளவு நன்றாக வரையத் தெரிந்தவருக்கு, தான் மண்டியிட வேண்டிய காரியங்களும் இருந்தன.

நம்மில் பெரும்பாலோர் இந்த ஓவியத்தைத் திரையிலோ அச்சிலோதான் பார்க்க முடியும். நானும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு கஷ்டம், நிழல் பகுதிகள் அச்சில் வெறும் கறுப்பாகிவிடும். மேலே பூசிய வார்னிஷும் காலப்போக்கில் மங்கும். ரெம்ப்ராண்டின் இன்னொரு புகழ்பெற்ற ஓவியமான 'இரவுக் காவல்', பகல் காட்சியாக இருந்தும், வார்னிஷ் கறுத்ததால்தான் அந்தப் பெயரையே பெற்றது. அதனால் நல்ல தெளிவான படமாகத் தேடிப் பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் கீழே பாதங்கள். அங்கிருந்து முதுகு வழியாகக் கைகள், கைகளிலிருந்து தகப்பனின் கண்கள். அவர் பார்வை எங்கும் போகாது, அங்கேயே நின்றுவிடும். கொஞ்ச நேரம் அங்கே இருங்கள். பிறகு மெதுவாக வலது பக்கம் வந்து, நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். அவர் முகத்தில் இருப்பது கோபமா, யோசனையா, பொறாமையா? நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்றைச் சொல்லியிருக்கிறேன். முழுதாகப் பத்து நிமிடம் கொடுங்கள். மூன்றாவது நிமிடத்தில் சலிப்பு வரும். அதைத் தாண்டினால்தான் இடது மூலையில் இருக்கும் அந்த மங்கலான முகம் கண்ணில் படும்.

இதைப் பார்த்து முடித்தவர்கள் இன்னொரு ஓவியத்தையும் தேடிப் பார்க்க வேண்டும். ரெம்ப்ராண்ட் இறந்தபோது அவர் வேலை செய்யும் இடத்தில் முடியாமல் இருந்த படம், இப்போது ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மெசியாவை, அதாவது கடவுள் அனுப்பும் மீட்பரைக் காணாமல் சாக மாட்டாய் என்று வாக்குப் பெற்ற சிமியோன், கோவிலில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தும் காட்சி. இங்கேயும் வெண்தாடிக் கிழவர், இங்கேயும் ஏறக்குறைய மூடிய கண்கள். ஆனால் கைகள் இங்கே எதையும் பிடிக்கவில்லை. விறைத்து நேராக நீட்டிய இரண்டு கைகளின் மேல் குழந்தை கிடக்கிறது. விரல்கள் மடங்கவே இல்லை, எங்கே அழுத்தினால் நோகுமோ என்பது போல.